தொரைக்கு ஒரு நாற்காலி

எனக்குப் பிறகு இரண்டு தடவை அம்மா டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். மூன்றாவது வயிற்றில் இருந்த மாதங்களில்தான், தோட்டத்துத் தொரைக்கு நாற்காலி செய்கிற கிறுக்கு அப்பாவுக்குப் பிடித்தது. பிறக்குமுன்னே பிள்ளைக்கென்று ஒரு முழத் துணிகூட எடுக்கக்கூடாது என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வழக்கம். நாற்காலி செய்யக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

அப்பா தேயிலை ஸ்டோரில் தச்சு வேலை பார்த்தார். உடைந்த தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப்பலகையை வெந்நீரில் ஊறப்போட்டு ஏடு ஏடாக உரித்தார். காய்ந்ததும் பசை தடவி, வளைவாகச் செதுக்கிய கட்டையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். லொறி டியூபை வெட்டி ஒட்டிய பைக்குள் எல்லாவற்றையும் நுழைத்து வாயை அடைத்தார். சைக்கிள் பம்புக்குள் இருந்த தோல் வாசரைத் திருப்பிப் போட்டதும், காற்றடிக்கிற பம்பு காற்றை உறிஞ்ச ஆரம்பித்தது. பை சுருங்கிப் பலகையை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்தது. அடேயப்பா, என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

முதல் தடவை எங்கோ காற்றுப் புகுந்து, விடிந்து பார்த்தால் ஏடுகள் விரிந்து கிடந்தன. அப்பா வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாற்காலிக்கா இந்தத் துக்கம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மாதான் சவுக்கார நுரையோடு வந்தாள். "எந்திரிங்க, தொரை காத்துக்கிட்டிருப்பாரு. பையை ஊதி இதைத் தடவிப் பாருங்க, ஓட்டை தெரியும்."

ஓட்டை தெரிந்தது. அப்பா ஒட்டுப் போட்டார். அடுத்த தடவை பலகை வாழைப்பூ மடல் மாதிரி வளைந்து வந்தது.

"இதுல தொரை எப்படிப்பா உக்காருவாரு? காலே இல்லையே?"

"கால் அப்புறம் வைக்கலாம்."

ஒருநாள் அப்பா வேலைக்குப் போனபின், அம்மா தன் முழங்கையை அந்தக் குழிவில் வைத்து அளந்தாள். பிறகு அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து, பழஞ்சேலையில் தைத்த சின்ன மெத்தையை எடுத்து விரித்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. என்னைக் கண்டதும் சுருட்டி ஒளித்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிறாத, என் கண்ணு."

நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் எதற்கு அவ்வளவு பயந்தார்கள் என்பது எனக்கு எட்டவும் இல்லை. தம்பி பிறந்து வந்து, அந்தப் பலகைக் குழிவில் விரித்த மெத்தைமேல் கிடந்து லயமே அதிர அழுதபோது, அப்பாவும் அம்மாவும் கூடவே அழுதார்கள். எனக்குத் தொரையை நினைத்துத்தான் பாவமாக இருந்தது.