கோயில் அண்டா

பள்ளி விடுமுறையில் சுங்காய் பக்கத்து வனப்பூங்காவில் குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்கினோம். கூட்டம் அதிகம் என்று, சாம்பார் சாதம் செய்ய என் தம்பி குமார் கோயிலில் பெரிய அண்டாவை இரவல் வாங்கி வந்திருந்தான். ஆற்றோரத் திட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான்.

வெயில் சுள்ளென்று அடித்தது. அதனால் தண்ணீர் திடீரென்று மண்நிறமானபோது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்துக் கூடாரத்து மலாய்க்காரர்தான், "கெப்பாலா ஆயர்! நாயிக்!" என்று கத்தினார். மலைமழை வெள்ளமாக இறங்குகிறது, மேலே ஏறுங்கள் என்றார்.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறினோம். குமாரும் ஏறிவிட்டான். பிறகு திட்டில் கிடந்த அண்டாவைத் திரும்பிப் பார்த்தான்; மறுபடி இறங்கி ஓடினான்.

"விட்டுட்டு வாடா!" என்று கத்தினேன்.

"கோயில் சாமான்லா அக்கா. இந்தா, எடுத்துட்டு வாரேன்."

அண்டாவின் காதைப் பிடித்துவிட்டான். அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. மறுநாள்தான் அவன் உடல் கிடைத்தது.

இப்போதும் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போகிறேன். மேட்டில்தான் கூடாரம். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இரவல் பொருள் எதுவும் எடுத்துப் போவதில்லை. "நான் கூப்பிட்டா வெறுங்கையோட ஓடி வரணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

கோயிலில் அந்த அண்டாவைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

— ஒரு வாசகி, ஈப்போ