அக்காவின் பிறப்புச் சான்றிதழ்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மடித்த போர்வையின் விளிம்பு கையை அறுத்துவிடும் என்று கேலி செய்வார்கள். முப்பத்தொரு வருஷம் ஆவியில் நின்ற கால்கள் இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் போதும் என்று நினைத்திருந்தாள். இளைய மகளின் படிப்பு முடிய அவ்வளவு காலம் வேண்டும்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது. இந்த மாதக் கடைசியோடு ஐம்பத்தெட்டு முடிகிறது, ஓய்வு என்று கடிதம் வந்தது.

"எனக்கு ஐம்பத்தாறுதானேம்மா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

அம்மா அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். மடிப்பக்காவுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து ஒன்பது மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அடுத்துப் பிறந்த இவளுக்கு அப்பா அதே பெயரை வைத்தார். பள்ளியில் சேர்க்கும்போது பெட்டியில் கிடந்த அந்தக் குழந்தையின் சான்றிதழையே நீட்டிவிட்டார். "பேரும் அதே பேரு, அப்பனும் அதே அப்பன். மறுபடி எவன் அலையறது?" என்றாராம். அது இறந்ததும் பதியப்படவில்லை, இவள் பிறந்ததும் பதியப்படவில்லை.

மறுநாளே அம்மாவைக் கைத்தாங்கலாகப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள்.

குமாஸ்தா நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "உங்கப்பா ஒரு நடைய மிச்சம் பிடிச்சார். இப்ப நீங்க நூறு நடை நடக்கறீங்க" என்று சொல்லி இரண்டு படிவங்களை எடுத்தார். ஒன்று அக்காவின் இறப்புக்கு, மற்றது இவள் பிறப்புக்கு. "பாட்டிம்மா, மூத்த குழந்தை எப்ப தவறிச்சு?"

"ஜூலை பதினேழு. வெள்ளிக்கிழமை. பால்காரன் மணியடிச்சான், நான் எந்திரிச்சுப் போகல." வருஷத்தையும் தயங்காமல் சொன்னாள்.

குமாஸ்தா எழுதினார், கீழே இருந்த உறுதிமொழியையும் வாசித்துக் காட்டினார். அம்மா தன் கையாலேயே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

"சரி, இவங்க எப்ப பிறந்தாங்க?"

அம்மா மகளைப் பார்த்தாள். "அது போய் அடுத்த வருஷம். நல்ல வெயில்."

"மாசம், தேதி?"

"தெரியாதே ஐயா."

மடிப்பக்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அதோடது மணியோசை வரைக்கும் ஞாபகம் இருக்கு. என்னோடது இல்லையா?"

"அது போன அன்னிக்கு உங்கப்பா காலண்டர்ல தாளைக் கிழிக்கல. அது அப்படியே தொங்குச்சு. அப்புறம் கழட்டி அடுப்புல போட்டேன். நாலஞ்சு வருஷம் நம்ம வீட்ல காலண்டரே மாட்டலடி."

மடிப்பக்கா குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தாள். "ஏதாவது ஒண்ணு சொல்லேம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"இதுவும் உறுதிமொழிதானேடி. பொய்யா ஒரு நாளச் சொல்லி உன்னைப் பெத்துக்கவா?"

குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "தேதி இல்லாம பிறப்பைப் பதிய முடியாதும்மா. இன்னொண்ணும் சொல்லணும். இறப்பை மட்டும் பதிஞ்சா, நீங்க வேலைல காட்டின சான்றிதழ் இறந்த குழந்தையோடதுன்னு ஆயிடும். இத்தனை வருஷ வேலைக்கே கேள்வி வரும். முத்திரை போடட்டுமா?"

கை முத்திரையின் மேல் காத்திருந்தது. பின்னால் வரிசையில் யாரோ, "சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார்கள்.

"வேண்டாம் சார். குடுத்துடுங்க" என்றாள் மடிப்பக்கா.

இறப்புப் படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இனி இருபத்தொரு நாள் வேலை. இளைய மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி மடிப்பக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றாள். அம்மா மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டாள்.

"அந்தத் தாளை எனக்குத் தாயேன். அது செத்ததுக்கு இதுவரைக்கும் ஒரு தாளும் இல்ல. என்ன எழுதியிருக்காருன்னு ஒரு தடவை படிச்சுக் காட்டு."

மடிப்பக்காவுக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் தாளைப் பிரித்தாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை முதலில் படித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ம், மேல படி" என்றாள்.