வட்டக் கொட்டகைச் சாலையின் ஆரஞ்சு நாடாக்கள்

வெர்மான்ட் மாநிலத்தின் வடகோடியில் உள்ள எங்கள் வெஸ்ட் கோரமில் ஆர்லீன் கோடெட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வார நாள்களில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அதே மண்சாலைகளில், இலைகள் நிறம் மாறும் காலத்தில் சனி, ஞாயிறுகளில் தம் சொந்த வண்டியில் கேமராவுடன் போய்வருவார். தொலைவான இடம் எதற்கும் போவதில்லை. வீட்டில் செய்த செடார் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சை மதியம் எங்காவது ஒரு வேலியோரத்தில் தின்று முடித்து, இருட்டுமுன் திரும்பிவிடக்கூடிய தூரமே அவருடைய எல்லை. கூரை போட்ட பழைய மரப் பாலங்கள், வெள்ளைத் தேவாலயக் கோபுரங்கள், மூடிக் கிடக்கும் ரயில் நிலையம், இவற்றை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எடுப்பார். மேகம் மூடிய நாளையே விரும்புவார்; வெயில் அடித்தால் சிவப்பு இலை பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. நவம்பரில் அந்தப் படங்கள் ஊர் நூலகச் சுவரில் தொங்கும்.

துணைக்குத் தம்பி ரெஜி வருவார். கிரானைட் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். வண்டியை விட்டு இறங்குவது அபூர்வம். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு மேற்படிப்பு படிக்கிறேன். சென்ற அக்டோபரில் நடந்ததை இருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதுகிறேன். அவர்கள் சொன்னவை ஒத்துப்போகாத இடம் ஒன்றே ஒன்று: அந்தக் காலையில் காவலுக்கு நின்றது யார் என்பது.

ஹார்வி குன்றில் வட்ட வடிவில் கட்டிய பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கீழே ஓடைவரை சாலையோரம் ஒரே வரிசையாக மரங்கள். ஆர்லீனின் படங்களில் ஊரார் முதலில் தேடுவது அதைத்தான். அந்தச் சனிக்கிழமை அங்கே போய் நின்றவர் கேமராவைத் தூக்கவே இல்லை. வரிசையில் பாதிக்கு மேற்பட்ட மரங்களின் இடுப்பில் ஆரஞ்சு நாடா கட்டியிருந்தது.

"ரெஜி, இங்க பாரு. வெட்டப் போறாங்க."

"யாரு?"

"வேற யாரு? ஊராட்சிக்காரங்கதான். மில் ரோட்டுல என்ன செஞ்சாங்க? நாடா கட்டினாங்க, மறுவாரம் ரம்பம் வந்துச்சு."

அது உண்மை. கோடைப் புயலில் கிளைகள் விழுந்து மின்கம்பிகள் அறுந்த பிறகு, மில் சாலை மரங்கள் அப்படித்தான் போயின.

"போய்க் கேட்டுடேன். அதோ வீடு, புகை வருது," என்றார் ரெஜி.

"என்னன்னு கேக்கச் சொல்றே? 'உங்க நிலத்துல என்ன நடக்குது'ன்னா? நல்லாருக்குமா?"

அடுத்தவர் நிலத்தைப் பற்றி அடுத்தவர் வாசலில் நின்று கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அதிலும் அந்த வீட்டுக்காரர்கள் நடீனும் அவள் கணவனும் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து வந்து இரண்டு குளிர்காலங்களே ஆகியிருந்தன. வந்தவர்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவதையே ஊர் மரியாதை என்று நினைத்தது.

ஆர்லீன் அன்றிரவு ஒரு முடிவுக்கு வந்தார். நாடா இல்லாவிட்டால் ரம்பத்தோடு வருகிறவனுக்கு எந்த மரம் என்று தெரியாது. மறுபடி ஆள் வந்து பார்த்துக் கட்டுவதற்குள் பனி விழுந்துவிடும். வேலை வசந்தத்துக்குத் தள்ளிப்போகும். ஞாயிறு விடிந்ததும் போனார்கள். போகப்போகிற மரங்கள் கடைசியாக எப்படி நின்றன என்பதாவது இருக்கட்டும் என்று, கொட்டகையிலிருந்து ஓடைவரை ஒவ்வொன்றையும் நாடாவோடு படமெடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ரெஜி காவலுக்கு நின்றார் என்பது ஆர்லீன் சொல்வது; தான் வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்ததாக ரெஜி சொல்கிறார்.

"பஸ் ஓட்டுற பொம்பள திருட்டுக் கேஸ்ல உள்ள போனா பிள்ளைங்க நடந்துதான் போகணும்," என்றார் ரெஜி.

"வாய மூடிட்டு ரோட்டப் பாரு."

செவ்வாய் மாலை ஊர்க் கடையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆர்லீனின் முதுகுப் பக்கம் நடீனின் குரல் கேட்டது. கல்லாவில் நின்ற பெண்ணிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் அவுத்துட்டுப் போயிட்டாங்க. மரத்துல சாறு எடுத்துப் பாகு காய்ச்சணும்னு அடுப்பு, வாளி எல்லாம் வாங்கியாச்சு. எது சர்க்கரை மேப்பிள், எது சிவப்பு மேப்பிள், எது வேற மரம்னு எங்களுக்கு எங்க தெரியும்? ஒரு வன அலுவலர் வந்து இலையப் பாத்துச் சொல்லச் சொல்லக் கட்டினோம். மார்ச்ல மரம் மொட்டையா நிக்கும்போது எதுல துளை போட்டுச் சாறு எடுக்கிறது?"

"இப்பவே மறுபடி கட்டிடுங்களேன், இலை இருக்குல்ல?"

"அவர் வேற மாவட்டத்துக்குப் போயிட்டார். இன்னிக்கு ராத்திரி காத்து வேற அடிக்குமாம்."

ஆர்லீன் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். இரவு முழுவதும் காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. காலையில் பேருந்தோடு ஹார்வி குன்றைக் கடந்தபோது வரிசையில் ஒரு மரத்திலும் இலை இல்லை. எல்லாம் சாலையில் கலந்து, எது எதனுடையது என்று தெரியாமல் கிடந்தது.

பிற்பகல் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, ரெஜியை எழுப்பி வண்டியில் ஏற்றினார்.

"நீ பட்டை பாத்து மரம் சொல்வியா?"

"எனக்குக் கல்லு தெரியும். மரம் தெரியாது."

அந்த வீட்டுக் கதவை ஆர்லீன் முதன்முறையாகத் தட்டினார். நடீன் திறந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், அவிழ்த்த நாடாச் சுருளை நீட்டினார்.

"நான்தான் அவுத்தேன். வெட்டப் போறாங்கன்னு நெனச்சேன். மரத்தக் காப்பாத்துறதா நெனச்சேன்."

நடீன் நாடாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவுநிலையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள்; சிரிப்பு பாதியில் அழுகையானது.

"நீங்களா? ஐயோ, நீங்க மட்டும்தானா?"

"மட்டும்தானான்னா?"

"ஊருக்கு நாங்க வேண்டாம்னு யாரோ சொல்றாங்கன்னு நெனச்சோம். ராத்திரி பூரா அதுதான் பேச்சு. வீட்ட வித்துட்டுப் போயிடலாம்னு அவர் சொன்னார். நானும் சரின்னுட்டேன்."

ஆர்லீன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நாடாவை எண்ணிக் கவலைப்பட்டவருக்கு, கூடவே ஒரு குடும்பத்தையும் அவிழ்த்துவிடப் பார்த்தது அப்போதுதான் உறைத்தது.

"வேண்டாம்னு யாரும்மா சொன்னா? உங்கள நிம்மதியா இருக்க விட்டோம், அவ்ளோதான்."

"ரெண்டு வருஷமா யாருமே கதவத் தட்டல."

"அதான் சொல்றேனே, நிம்மதியா விட்டோம்."

வண்டியிலிருந்து ரெஜி குரல் கொடுத்தார். "இந்த ஊர்ல ஒருத்தன் கதவத் தட்டினா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். தட்டலன்னா சந்தோஷப்படும்மா!"

ஆர்லீன் கேமராவை நீட்டினார். படங்கள் வரிசையாக இருந்தன: கொட்டகையை ஒட்டிய மரம் முதலாக ஓடையோர மரம் வரை, நிறத்தோடும் நாடாவோடும். மூவரும் இறங்கி நடந்தார்கள். நடீன் கேமராவைப் பார்த்து, கிளை வளைவையும் பின்னால் தெரியும் வேலிக்கம்பத்தையும் ஒப்பிட்டுச் சொல்ல, ஆர்லீன் கட்டினார். ரெஜி அன்று நிஜமாகவே வண்டியை விட்டு இறங்கி நடீன் வீட்டுப் புதுச் சுருளிலிருந்து நாடாவைக் கத்தரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஆர்லீனின் தோள் சற்றுத் தளர்ந்ததை ரெஜி கவனித்திருக்கிறார். தானாகவே என்னிடம் சொன்னார்.

ஓடைக்கு முந்தைய மரத்தில் நின்றார்கள். அந்தப் படம் மட்டும் கலங்கியிருந்தது. ஆரஞ்சாகத் தெரிவது நாடாவா இலையா என்று சொல்ல முடியவில்லை.

"கட்டியிருந்துச்சு," என்றார் ஆர்லீன்.

"இல்ல, இதுல கட்டல," என்றாள் நடீன்.

"அவுத்தவளுக்குத் தெரியாதா?"

"கட்டினவளுக்குத் தெரியாதா?"

வாக்குவாதம் நீண்டது. வீட்டுக்குள்ளிருந்து நடீனின் கணவன் சூடான ஆப்பிள் சாற்றுடன் இறங்கி வருவது தெரிந்தது. ரெஜி மீதி நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த ஒண்ண விட்டுருங்க. வெட்டவும் வேணாம், துளை போடவும் வேணாம். இதாவது சும்மா நிக்கட்டும்."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.