வலது மேல் மூலை

ஒரு மனிதரை நிழல் என்று கூப்பிடுவது நன்றாகவா இருக்கிறது? இல்லைதான். ஆனால் அந்த வீட்டுச்சாமான் கிடங்கில் பதினான்கு வருஷமாக அவருக்கு அதுதான் பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அண்ணனைச் சேர்த்து நிழலண்ணே என்பார்கள். கிடங்கின் விலைப்பட்டியல் புத்தகத்துக்குப் படம் எடுப்பது அவர் வேலை. கெட்டிலோ வாளியோ இஸ்திரிப்பெட்டியோ, எதுவானாலும் படத்தில் நிழல் விழக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. "நிழல் விழுதா, நிழல் விழுதா" என்று நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே விளக்குகளை நகர்த்துகிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அவருடைய அறை கிடங்கின் அடித்தளத்தில், பதினேழு படி இறங்கிப் போக வேண்டும். ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. சுவரிலிருந்து இறங்கித் தரையில் வளைந்து விரியும் ஒரு வெள்ளைத் தாள், இரண்டு பக்கமும் துணி மூடிய விளக்குகள், நடுவில் கேமரா ஸ்டாண்டு. ஸ்டாண்டை யாரும் நகர்த்தாததால் அதன் மூன்று கால்களும் தரை விரிப்பில் மூன்று குழி போட்டிருந்தன. அதற்குப் பின்னால் அவர் நிற்கிற இடம் இரண்டு பாத அளவுக்கு வெளுத்துப்போயிருந்தது. வெளியே மழையா வெயிலா என்பது மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி அவரிடம் ஒரு கண்ணாடித் தாளைக் கொடுத்தார். அதன் வலது மேல் மூலையில் சிவப்பு மையால் ஒரு கட்டம். "இதைக் கேமராத் திரை மேல ஒட்டிக்கங்க. இந்தக் கட்டத்துக்குள்ள ஒரு தூசி வரக்கூடாது. அங்கதான் விலை போடுவோம்" என்றார். ஒட்டிக்கொண்டார். மூன்று வருஷம் ஒட்டியிருந்தது. பிறகு ஓரம் சுருண்டு தானாகவே கழன்று விழுந்தது. திரும்ப ஒட்ட வேண்டிய தேவையே வரவில்லை. "உங்க படம் மட்டும் அளவெடுத்த மாதிரி வருதுண்ணே" என்று மாடியில் பக்கம் அமைக்கிற பெண் வாய் நிறையப் பாராட்டினாள். அவருக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆள் ஒன்றும் தெரியாதவர் இல்லை. இருபது வயதில் மாலை வகுப்பில் இரண்டு வருஷம் புகைப்படக் கலை படித்தவர். ஒரு கோடு கண்ணை எங்கே இழுத்துக்கொண்டு போகும், ஓரத்தில் இருக்கிற துளிச் சிவப்பு எதிர்ப்பக்கத்துப் பெரிய சாம்பல் சுவரை எப்படிச் சமன் செய்யும், ஒரே மாதிரி ஏழு தூண் நின்றால் எட்டாவதாக ஒரு மனிதன் ஏன் சாய்ந்து நிற்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. படித்ததையெல்லாம் வாளிகளுக்குச் செலவழித்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல். மூடி போட்ட மூன்று வாளியை ஏறுவரிசையில் அடுக்கி, கைப்பிடிகளை ஒரே சாய்வில் திருப்பி, அதில் ஒரு தாளம் கொண்டுவந்து காட்டுவார். முதலாளி பார்த்துவிட்டு, "மூடி தெரியலையே" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சொந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ரயில் நிலையப் படிக்கட்டு, முடிவெட்டுகிறவரின் குனிந்த முதுகு, மழை பெய்த பஸ் கண்ணாடி. எடுத்த படங்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பார். மனைவியைத் தவிர யாரிடமும் காட்டமாட்டார். அந்தப் பெட்டி ஒன்றுதான் தன்னை அந்தப் பதினேழு படியிலிருந்து ஒருநாள் மேலே ஏற்றிவிடும் என்று மனசுக்குள் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நாள் வந்தது. ஒரு வாரப் பத்திரிகைக்குப் புகைப்படக்காரர் தேவை, சொந்தமாக எடுத்த பன்னிரண்டு படங்களோடு நேரில் வரவும், வயது நாற்பத்தெட்டுக்கு மேற்படக்கூடாது. விளம்பரத்தைக் கத்தரித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தவர் மனைவி.

"அடுத்த மாசம் உங்களுக்கு நாப்பத்தெட்டு முடியுது. இதையும் கோட்டை விட்டீங்கன்னா அப்புறம் அந்தப் பாதாளம்தான், சொல்லிட்டேன்."

"எடுப்பாங்கன்னு நினைக்கிறியா?"

"எடுக்காம? என்னைய மட்டும் ஓரத்துல தள்ளி எடுக்கிறதை விட்டுட்டா, உங்க படத்துக்கு என்ன குறைச்சல்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அது அவர்கள் வீட்டில் பழைய கேலி. எந்தப் படத்திலும் அவள் ஓரமாகத்தான் நிற்பாள். தோளில் பாதி, சில நேரம் காதில் பாதி, வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

சனிக்கிழமை காலை, சலவைச் சட்டையும் உறையில் பன்னிரண்டு படமுமாக அவர் பத்திரிகை அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். படப் பிரிவின் ஆசிரியை நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியவில்லை. அவர் அறையில் மூன்று பெரிய ஜன்னல்கள் இருந்ததை நிழல் முதலிலேயே எண்ணிவிட்டார். ஆசிரியை படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் மூன்று வரிசையாகப் பரப்பினார். முடிவெட்டுகிறவர் படத்தில் சற்று நின்றார்.

"வெளிச்சம் பிரமாதம் சார். முதுகோட வளைவும் நாற்காலியோட வளைவும் சேர்ந்து வர்றது, சும்மா வராது இது."

நிழலுக்குக் காது சூடாகிவிட்டது. பதினான்கு வருஷத்தில் மூடி தெரிகிறதா, விலைக்கு இடம் இருக்கிறதா என்பதைத் தவிர வெளியார் யாரும் அவர் படத்தைப் பற்றிப் பேசியதில்லை.

ஆசிரியை படிக்கட்டுப் படத்தைக் கையில் எடுத்தார். "இந்தக் கைப்பிடி கண்ணை அப்படியே மேல இழுத்துட்டுப் போகுது. ஆனா போய்ச் சேர்ற இடத்துல ஒண்ணுமே இல்லையே?"

"வெறும் இடமும் படத்துல ஒரு பாகம்தானே மேடம்?"

"ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு ஒரு காரணம் வேணும்." அவர் பன்னிரண்டு படத்தையும் ஒருமுறை மொத்தமாகப் பார்த்தார். பிறகு தன் பெயர் அட்டையை எடுத்துப் படிக்கட்டுப் படத்தின் வலது மேல் மூலையில் வைத்தார். சரியாகப் பொருந்தியது. அதையே நகர்த்தி முடிவெட்டுகிறவர் படத்தில் வைத்தார். பொருந்தியது. பஸ் கண்ணாடி, பொருந்தியது. ஏழாவது படத்தில் நிழலின் மனைவி ஜன்னலோரம் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். வெளிச்சமெல்லாம் கொட்டிக் கிடந்த மூலை காலியாக இருக்க, அவள் இடது தோள் வெட்டுப்பட்டு ஓரத்தில் ஒடுங்கி நின்றாள். அந்தப் படத்திலும் அட்டை அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"நீங்க இப்ப என்ன வேலை பார்க்கிறீங்க சார்?"

அவர் சொன்னார். விலைக் கட்டத்தைப் பற்றியும் சொன்னார். ஆசிரியை சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்குப் பார்க்கத் தெரியுது. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா எங்க பத்திரிகையில அந்த மூலையில ஜனங்க இருப்பாங்க சார். திங்கட்கிழமை காலையில பத்து மணிக்குள்ள ஒரே ஒரு படம் அனுப்புங்க. அந்த மூலை நிறைஞ்சிருக்கணும். அது வந்துட்டா இடம் உங்களுக்குத்தான்."

ஒரே ஒரு படம். யாருக்கும் இது ஒரு வேலையாகவே தோன்றாது. அவருக்கும் வீடு வந்து சேரும்வரை அப்படித்தான் தோன்றியது. வந்ததும் பீரோவிலிருந்து குடும்ப ஆல்பத்தை இறக்கினார். ஒரே மகள், இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்களில் அவள் முகம் படம் முழுக்கப் பொங்கி வழிந்தது. எட்டு வயதுக்குப் பிறகு அவள் இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியிருந்தாள். பள்ளிச் சீருடையில் ஒதுங்கி நின்றாள், சைக்கிளோடு ஒதுங்கி நின்றாள், பட்டம் வாங்கிய அன்றைக்கும் ஒதுங்கித்தான் நின்றாள். பெற்ற பெண்ணுக்கு விலை போட இடம் விட்டுப் பதினான்கு வருஷம் படம் எடுத்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவருக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு காலையிலேயே கிளம்பினார். சந்தையில் பழக்கூடைகள் வானம் வரை அடுக்கியிருந்தன. அந்த மூலை தானாக நிறையும் என்று குறி வைத்தார். விரல் பொத்தானைத் தொடுகிற நேரத்தில் கால் அரை அடி விலகியது. மூலை காலி. மேம்பாலத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு மேல்நோக்கி எடுத்தார். தூணுக்கும் பாலத்துக்கும் நடுவில் எங்கிருந்தோ ஒரு துண்டு ஆகாயம் வந்து அதே மூலையில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மணிக்குள் நூற்று நாற்பது படம். நூற்று நாற்பதிலும் விலை போடலாம்.

வீட்டுக்குள் நுழைந்தவர் கேமராவைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். மனைவி படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது.

"எந்திரிங்க. அந்த மூலையில யாராவது இருக்கணும், அவ்வளவுதானே? நான் இருக்கேன்."

சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு ஏறிவிட்டாள். ஐம்பதை நெருங்குகிற பெண், முட்டிவலிக்காரி, அலமாரியின் உச்சியைப் பிடித்துக்கொண்டு, "நான் விழறதுக்குள்ள எடுங்க" என்றாள். அவர் கேமராவை உயர்த்தினார். திரையின் வலது மேல் மூலையில் அவள் முகம் முழுசாக, வாய்கொள்ளாத சிரிப்போடு இருந்தது. இவ்வளவு அழகான படத்தைத் தான் எடுத்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. விரல் அழுத்தவில்லை. அந்த முகத்தை அங்கிருந்து அகற்று, அகற்று என்று உடம்பே அவரை நச்சரித்தது.

"என்னாச்சு?"

"முடியலம்மா. கை போகுது."

"பார்த்தாத்தானே போகும்? இப்ப சரியா இருக்கில்ல, அப்படியே கண்ணை மூடிக்கிட்டு அழுத்துங்க."

அவர் கண்ணை இறுக மூடினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். கை நகரவில்லை என்று சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார்.

மனைவி ஸ்டூலிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள். கேமரா வலப்பக்கமும் மேலேயும் ஏறியிருந்தது. இடது ஓரத்தில் ஒரு காது, ஒரு கண், பாதிச் சிரிப்பு. மற்ற இடமெல்லாம் வெறும் சுவர்.

"ஒரு கண்ணையாவது விட்டு வச்சீங்களே" என்றாள். கேலியாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் பாதியில் உடைந்துவிட்டது. ஸ்டூலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் கேமராவை மூடி வைத்துவிட்டு அதே இடத்தில் சுவரைப் பார்த்து வெகுநேரம் நின்றார். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. அவருக்கோ அடித்தள அறைக்குள் நிற்பது போலவே இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் அடித்தளத்தில் இருந்தார். யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. வெள்ளைத் தாளின் நடுவில் புதிதாக வந்த நீலக் கெட்டில் ஒன்று நின்றது. விளக்கை நகர்த்தினார், வெளுத்துப்போன இரண்டு பாதத் தடத்தில் தன் பாதங்களை வைத்தார். அப்போது சுவரில் மாட்டியிருந்த போன் மணியடித்தது. மாடியில் பக்கம் அமைக்கிற பெண்.

"நிழலண்ணே, இந்த வருஷம் விலைக் கட்டத்தைப் பெருசாக்கணும்னு முதலாளி சொல்லிட்டாரு. இன்னும் ரெண்டு விரல் இடம் கூடுதலா விட முடியுமாண்ணே?"

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கெட்டில் ஏற்கனவே வழக்கத்தைவிட இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தது.

"விட்டுட்டேம்மா" என்றார்.