நாலு கேட் பள்ளிக்கூடம்

எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு நாலு கேட். புதிதாகக் குடிவருகிறவர்கள், இத்தனூண்டு பள்ளிக்கு எதற்கு நாலு வாசல் என்று கேட்பார்கள். அந்தக் கதையைச் சொல்ல எனக்கு அலுப்பதே இல்லை. தற்பெருமை கூடாது என்பார்கள். கூடாதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் பெருமையடித்துக்கொள்ளத்தான் போகிறேன், பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

நாங்கள் தெற்கே கரிசல் காட்டிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பல்லடம் ரோட்டை ஒட்டிய ஒரு நகரில் வாடகைக்கு வந்து, பிறகு அங்கேயே சின்னதாக வீடு கட்டிக்கொண்டோம். அந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் ஒரே சோளக்காடு. அண்ணன் தம்பி நாலு பேர் சண்டை போட்டுப் பாகம் பிரித்தார்கள். ஆளுக்கொருவரிடம் விற்றார்கள். வாங்கியவர்கள் மனை போட்டு, நாலு நகர் ஆக்கிவிட்டார்கள்.

சண்டை மட்டும் மண்ணோடு சேர்ந்து எங்களுக்கும் வந்துவிட்டது. ஒரு நகரில் பிள்ளையார் கோயில் உண்டு. இன்னொன்றில் சர்ச் உண்டு. மூன்றாவதுதான் பெரிய நகர், அங்கே தண்ணீர் டேங்க் இருந்தது. எங்கள் நகரில் முகப்பில் ஒரு ஆர்ச் மட்டும் இருந்தது, அதையும் விட்டால் எங்களுக்குப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. நாலுக்கும் தனித்தனிச் சங்கம், தனித்தனித் தலைவர். பொங்கல் விளையாட்டு விழாவில் ஒவ்வொரு நகரும் ஸ்பீக்கரை அடுத்த நகரைப் பார்த்துத் திருப்பி வைக்கும். நம் பாட்டு நமக்குக் கேட்கிறதோ இல்லையோ, அவர்கள் பாட்டு அவர்களுக்குக் கேட்கக் கூடாது.

மனை போடுகிறவர்கள் பொது இடம் என்று கொஞ்சம் விட்டாக வேண்டும். நல்ல மனையை யார் விடுவார்கள்? மழைத்தண்ணீர் தேங்குகிற பள்ளத்தை விட்டார்கள். பள்ளம் இருந்ததோ நாலு நகரும் சந்திக்கிற நடு மூலையில். ஆகவே நாலு பொது இடங்களும் ஒட்டிக்கொண்டு கிடந்தன, நடுவில் கூட்டல் குறி மாதிரி சுவர். ஒன்றில் ஷட்டில் ஆடினார்கள், ஒன்றில் குப்பை கொட்டினார்கள், மற்ற இரண்டிலும் சீமைக்கருவேல் வளர்ந்தது. எல்லாம் ஊராட்சிக்குச் சொந்தமானவை. ஆனாலும் நகர்க்காரர்கள் ஆட்சேபித்தால் எந்த அதிகாரியும் அங்கே கை வைக்க மாட்டார்.

என் மகள் எட்டாவது படித்த வருடம்தான் எனக்கு அந்தச் சுவர் கண்ணை உறுத்தத் தொடங்கியது. பிள்ளையார் கோயில் பக்கத்தில், அந்தப் பொது இடங்களை ஒட்டி இருந்த பள்ளியில் எட்டாவதோடு சரி. ஒன்பதாவது படிக்க வேண்டுமானால் பல்லடம் ரோட்டைத் தாண்ட வேண்டும். அங்கே தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திப் பறக்கும். ஒருமுறை அங்கே அடிபட்ட ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு அவர் அந்த ரோட்டைப் பற்றிப் பேசினாலே முகம் மாறிவிடும்.

"எட்டாவது போதும். ரோட்டத் தாண்டி எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன்" என்றார்.

"பெறகு என்ன செய்யச் சொல்றீக? பிசிறு வெட்டவா?"

முந்தின வருடம் எட்டாவது முடித்த பெண்பிள்ளைகள் பலர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் தைத்த பனியன்களில் தொங்கும் நூலை வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்கிற வேலை. நானும் அப்படித் தொடங்கியவள்தான். என் மகள் அந்தக் கத்தரியைத் தொடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அவள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கோ கடல் கடந்த தேசத்தில் தனித்தனியாக இருந்த காலனிகள் சேர்ந்து ஒரே நாடான கதை. சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"ஏனுங்கம்மா, அவங்கவங்க பாட்டுக்கு நல்லாத்தான இருந்தாங்க? ஆரும் வந்து அடிச்சுச் சேத்து வெக்கலை. அவங்களா எதுக்குங்க சேந்தாங்க?"

எங்கள் ஊர்ப்பக்கம் பெற்ற தாயிடம் இத்தனை 'ங்க' போட்டால் சிரிப்பார்கள். இவள் இந்த மண்ணில் வளர்ந்தவள், நாய்க்குட்டியிடம்கூட 'வாங்க, பால் குடிங்க' என்பாள்.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"வியாபாரம், பாதுகாப்பு, ரயில் பாதைன்னு போட்டிருக்குங்க. அதுக்காகப் போயி ஆராச்சும் சேருவாங்களா?"

"போட்டிருக்கிறத எழுது. கேள்வி கேட்டா மார்க்கு வராது" என்று எரிந்து விழுந்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது, அது ஒரு காரணம். எனக்குப் பதில் தெரியாதது இன்னொன்று.

மறுவாரம் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். உயர்நிலைப் பள்ளியாக்க அவரும் முயன்றுகொண்டுதான் இருந்தார். "எடம் வேணுமுங்க. அதுவும் ஒரே துண்டா இருக்கோணும். நம்மகிட்ட நாலு துண்டு இருக்குதுங்க, ஒரு துண்டுதான் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே அந்தச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நாலு சங்கத் தலைவர்கள் வீட்டுக்கும் நடந்தேன். நாலு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், "அதுக்கென்னங்க, பேசிக்கலாமுங்க" என்றார்கள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, யாரும் அதற்குப் பிறகு பேசவும் இல்லை. எங்கள் ஊரென்றால் முடியாது போ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், நாமும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டுச் சண்டையைத் தொடங்கலாம். காபி கொடுத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

கடைசியில் கம்பெனிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டேன். நாலு நகரிலும் எட்டாவது படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் எங்கள் செக்கிங் செக்‌ஷனிலும் பவர் டேபிள் தையலிலும்தான் இருந்தார்கள். வீட்டு ஆண்களை அவரவர் கிளப்பிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுவது என்று முடிவானது. எங்கே கூடுவது? ஒரு நகர்க்காரர் இன்னொரு நகரின் கோயில் மண்டபத்தில் கால் வைக்க மாட்டார். மெயின் ரோட்டில் இருந்த பேக்கரி எந்த நகரையும் சேர்ந்ததல்ல. அங்கே கூடினோம். பேக்கரிக்காரருக்கு அன்று நல்ல வியாபாரம்.

ஆளுக்கொரு நிபந்தனை வந்தது. பிள்ளையாரை நகர்த்தக் கூடாது என்றது ஒரு நகர். கிறிஸ்துமஸுக்கு மேடை போட இடம் விட வேண்டும் என்றது இன்னொன்று. எங்கள் நகர்க்காரர்கள், ஆர்ச்சில் இருக்கிற பெயரையே பள்ளிக்கும் வைக்க வேண்டும் என்றார்கள். நானே தலையில் அடித்துக்கொண்டேன். பெரிய நகரின் தலைவர் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்திருப்பவர், குரலை உயர்த்தாத மனிதர். அவர் கடைசியாகப் பேசினார்.

"எங்க எடந்தானுங்க பெருசு. தண்ணியும் எங்க டேங்குல இருந்துதான் போகோணும். சேந்தா நாங்கதானுங்க அதிகமாக் குடுக்கறோம். எங்களுக்கு என்னுங்க வருது?"

நியாயமான கேள்விதான். அதற்காக விட முடியுமா?

"அண்ணே, ஒங்க யூனிட்டுக்கு பாடி, கை, கழுத்துப்பட்டி எல்லாம் தனித்தனித் துண்டாத்தான வருது? நாந்தான் பெருசு, கையோட எதுக்குச் சேரணும்னு பாடி சொன்னா, எதைப் பெட்டியில போட்டு அனுப்புவீக? சேராத துண்டுக்கு இந்த ஊருல பேரு பனியன் இல்லண்ணே. வேஸ்ட்டு."

பேக்கரியே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சிரிப்போடு முடிந்திருக்கும், எழுந்து போயிருப்பார்கள், மறுபடி 'பேசிக்கலாமுங்க'தான். அப்போது சர்ச் இருக்கும் நகரிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். என்னோடு செக்கிங்கில் வேலை பார்ப்பவள், அதிர்ந்து பேசாதவள்.

"எம் புள்ள போன வருசம் எட்டாவதோட நின்னுட்டாளுங்க. நல்லாப் படிச்சவதானுங்க. ஊட்டுல உக்காந்து பிசிறு வெட்டறா. உங்க யூனிட்டுப் பீசைத்தானுங்க வெட்டறா."

பெரிய நகர்த் தலைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். யூனிட்டிலிருந்து ஏஜென்ட் எடுத்துப்போகிற மூட்டைகள் எந்த வீட்டுக்குப் போகின்றன, யார் மடியில் அவிழ்கின்றன என்று அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"எடத்தை எடுத்துக்குங்க" என்றார் கடைசியில். "தண்ணியும் விடறோமுங்க. கேட்டு மட்டும் எங்க பக்கம் ஒண்ணு வேணும்."

உடனே மற்ற மூன்று பக்கத்திலிருந்தும் கேட்டு கேட்டு என்று ஒரே இரைச்சல், எங்கள் பக்கத்தில் உரக்கக் கத்தியது நான்தான். "நாலு கேட்டும் வெச்சுக்கலாமுங்க, எனக்குப் பூட்டற வேலைதான் அதிகம்" என்றார் தலைமையாசிரியை. பெயர்? சோளக்காடு என்ற பழைய பெயர் எல்லோருக்கும் பொதுவாகக் கிடந்தது, அதையே வைத்தோம்.

அடுத்த ஞாயிறு காலையில் சுவரை இடிக்கக் கூடினோம். ஜேசிபியைக் கூப்பிட்டாயிற்று, ஆனால் முதல் அடி கடப்பாரை பிடித்த கையால் விழ வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அங்கேதான் வினை வந்தது. "நீங்க போடுங்க." "இல்லீங்க, நீங்க பெரியவங்க, நீங்க போடுங்க." "அட, உங்களுக்கு முன்னாடி நாங்களாங்க?" கடப்பாரை கை மாறி மாறிச் சுற்றியது. வெயில் உச்சிக்கு ஏறியது. ஜேசிபி டிரைவர் சீட்டிலேயே தூங்கிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சண்டைன்னா நான் முந்தி நீ முந்தின்னு வாறீக. செவத்த இடிக்கச் சொன்னா மட்டும் இம்புட்டு மரியாதையா?" என்று கத்தினேன்.

பெரிய நகர்த் தலைவர் நேரே வந்து கடப்பாரையை என் கையில் கொடுத்தார். "அப்ப நீங்களே போடுங்க அம்மிணி. உங்களுக்கு மேல ஆளு இல்லீங்க."

இந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிற 'அம்மிணி' என்ற சொல்லால் என்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வந்தவள், வெளியூர்க்காரி, வாடகைக்கு இருந்தவள். அந்தச் சொல் என்னை என்னவோ செய்துவிட்டது. கண் நிறைந்துபோய்க் குறி தவறி அடித்தேன், கொஞ்சம் பூச்சு மட்டும் உதிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த அடி என் வீட்டுக்காரர் அடித்தார். அதில் செங்கல் பெயர்ந்தது. அதன் பிறகு யாரும் யாருக்கும் வழி விடவில்லை, நாலு பக்கத்திலிருந்தும் விழுந்து விழுந்து இடித்தார்கள்.

இடம் சேர்ந்ததும் அரசாங்கத்து உத்தரவு வந்தது. கட்டடம் எழும்பும்வரை தகரக் கொட்டகையில் வகுப்பு. ஒன்பதாவது தொடங்கிய காலையில் என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு, எங்கள் பக்கத்துக் கேட்டில் போய் நின்றுகொண்டார். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனாலும் நின்றார். மகள் சீருடை போட்டு எங்களுக்கு முன்பே கிளம்பியிருந்தாள். மணி அடிக்கப்போகிறது, எங்கள் கேட்டில் அவளைக் காணோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

அப்போது எதிர்ப்பக்கத்துக் கேட்டு வழியாக இரண்டு பெண்கள் கைகோத்து உள்ளே வந்தார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருத்தி ஒரு வயது பெரியவள், பேக்கரியில் எழுந்து பேசினாளே, அவள் மகள். ஒரு வருடம் பிசிறு வெட்டிவிட்டுத் திரும்ப வந்திருந்தாள்.

சாயங்காலம் மகளைப் பிடித்துக்கொண்டேன். "நம்ம கேட்டுக்காக நான் அம்புட்டுச் சண்டை போட்டேன். நீ என்னடான்னா ஊரச் சுத்திட்டு அந்தக் கேட்டு வழியாப் போற?"

"அந்த அக்கா தனியா வரக் கூச்சப்பட்டாங்கம்மா" என்றாள் பையைக் கழற்றிக்கொண்டே. "கூட ஒரு ஆளு இருந்தா உள்ள வந்துருவாங்கன்னு போயிக் கூட்டிட்டு வந்தேனுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். குழம்பு தீய்ந்த அன்று, அவங்களா எதுக்குங்க சேந்தாங்க என்று அவள் கேட்ட கேள்விக்கு நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அவள் அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை.