மூன்று வருஷம் பொறுக்கச் சொன்னான்

போன ஞாயிற்றுக்கிழமை திருக்காட்டுப்பள்ளியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த யாழினிக்கு மட்டும் இலை போடவில்லை. ஒன்பது வயசு. என் சித்தப்பா மகன் இளங்கோவின் ஒரே பெண். எங்கள் இலையில் எல்லாம் பாயசம் ஓட, அவள் டிபன் பாக்ஸைத் திறந்து கருப்புக் கவுனி அரிசிக் கஞ்சியைக் குடித்தாள். பாதியில் எழுந்தாள்... உட்கார்ந்தாள்... என் டம்ளரைத் தட்டிவிட்டு மறுபடி எழுந்தாள்.

யாழினிக்கு ஏ.டி.ஹெச்.டி. ஓரிடத்தில் உட்கார முடியாது. ஒரு வரியை முழுசாகப் படிக்க முடியாது. இரண்டு வருஷம் முன்பே தஞ்சாவூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல சாப்பாடு கொடுங்கள், ஆனால் அது மாத்திரைக்குப் பதில் ஆகாது என்றும் சொன்னார். இளங்கோ அந்தச் சீட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சாப்பாட்டிலேயே சரியாக்கிவிடலாம் என்று சர்க்கரை, மைதா, பால், கலர் போட்ட தின்பண்டம் எல்லாவற்றையும் நிறுத்தினான்.

முட்டாளா அவன்? அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லையே. உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் நிறுத்தி நிலத்தை இயற்கை விவசாயத்துக்கு மாற்றியவன். முதல் வருஷம் விளைச்சல் படுத்துவிட்டது. ஊரே சிரித்தது. மூன்றாவது வருஷம் மண் தேறிவிட்டது. நானே இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் அவனைத் தூக்கிவைத்து எழுதினேன். ஊர் சிரித்த விஷயத்தில் ஒருமுறை ஜெயித்துவிட்டவனிடம் அப்புறம் யார் என்ன பேச முடியும்?

இருந்தும் கைகழுவும் இடத்தில் பேசிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம் — இது இரண்டாவது பள்ளி. இனியாவது மாத்திரையை ஆரம்பிக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"மண்ணுக்கே மூணு வருஷம் ஆச்சுக்கா. புள்ளைக்கு ரெண்டுதான் ஆவுது. கொஞ்சம் பொறுங்க" என்றான்.

நிலம் பொறுக்கும். நாலாம் வகுப்பு பொறுக்குமா? அவன் மனைவி கவிதா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருப்பாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தப் பிடிவாதத்துக்கு என் எழுத்தும் கொஞ்சம் தீனி போட்டிருக்கிறதே.

கிளம்பும்போது யாழினி கார் வரைக்கும் ஓடி வந்தாள். குனியச் சொல்லி என் காதில் சொன்னாள்.

"அத்தை, போன வருஷம் ஸ்கூல்ல ஒரு பொண்ணு பர்த்டேக்குக் கேக் குடுத்தா. தின்னுட்டேன். அதனாலதான் எனக்குச் சரியாவல. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

ஒரு வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டு கஞ்சி குடித்திருக்கிறது அந்தக் குழந்தை. சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

இளங்கோ, அந்தச் சத்தியத்தை மீறித்தான் இதை எழுதியிருக்கிறேன். படி.