என்னைவிட வெள்ளையான நான்

என் வீட்டுக்காரருக்கு இன்னொரு வீடு இருந்தது. அந்த வீட்டில் ஒரு மனைவியும் இருந்தாள். இரண்டும் எங்கள் வரவேற்பறை டிவிக்குள் இருந்ததால் நான் போலீசுக்கும் போகவில்லை, அம்மா வீட்டுக்கும் போகவில்லை.

அவருக்கு வேலை சிங்கப்பூரில். சனிக்கிழமை மலேசியாவில் நான் இருக்கிற பத்து பாகாட் ஊருக்கு வருவார், ஞாயிறு பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையாவது எனக்கு என்று நினைத்திருந்தேன். அவரோ சாப்பிட்டுக் கை கழுவியதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நிலம் வாங்கி, வீடு கட்டி, பயிர் வைக்கிற விளையாட்டு அது. குடும்பத்து ஆட்களின் முகத்தையும் நிறத்தையும் விளையாடுகிறவரே தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டாளிகள் தங்கள் ஊரில் இருந்தபடியே அந்த வீட்டுக்கு வந்து போகலாம், பேசலாம்.

அவர் கூட்டாளிகள் இரண்டு பேர். பொந்தியானில் ஒரு சீனப் பையன், லாயாங் லாயாங்கில் ஒரு மலாய்க்காரர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்த முதல் நாளே தமிழர் என்று தெரிந்துபோய், இருவரும் 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

தன்னை அவர் அச்சு அசலாகச் செய்திருந்தார். அதே கறுப்பு, அதே தொப்பை, மீசை உட்பட. பக்கத்தில் நின்றவள்தான் பளீரென்று இருந்தாள். ஏதோ விளையாட்டோடு வந்த பொம்மை என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் அவளுக்குத் தொப்பி வாங்க அவர் அரை மணி நேரம் விளையாட்டுக்குள் கடை கடையாக அலைந்ததைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீபாவளிக்கு நான் சேலை எடுக்கப் போனால் பார்க்கிங் இல்லை என்று காரிலேயே உட்கார்ந்திருக்கிற மனுஷன் இவர்.

ஒரு ஞாயிறு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பொந்தியான் பையனின் குரல் டிவியில் கேட்டது. "அண்ணே, உங்க வைஃப் சைனீஸா? ரொம்ப லாவாலா!"

லாவா என்றால் அழகு. என் வீட்டுக்காரர் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மலாய்க்காரர் தன் பங்குக்கு விசில் அடித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. பொம்மைமேல் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

"ஏங்க, யாரு அது?" என்று கேட்டேன்.

"யாரா? நீதான்லா!"

நான் வேலை பார்ப்பது துணி ஆலையில். சாயம் சரிபார்க்கிற வேலை. மாதிரித் துண்டைவிட ஒரு சிட்டிகை வெளுத்திருந்தாலும் துணியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். என்னிடமே இந்தக் கதையா?

"என் கலரு அதுல இல்லையா? உங்க கலரு மட்டும் எப்படிக் கெடச்சுச்சு?"

அவர் கோபப்படவில்லை. கைப்பேசியை எடுத்து எங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினார். "இதப் பாத்துத்தான் செஞ்சேன். அங்க ரூம்ல தெனமும் இதத்தான் பாக்குறேன்."

படத்தில் நான் வெளுத்துப்போய் நின்றேன். எல்லா மணப்பெண்ணுக்கும் செய்கிற மாதிரி ஸ்டூடியோக்காரர் எனக்கும் செய்திருந்தார். மாப்பிள்ளையின் நிறத்தை அவர் தொடவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்னைப் பார்க்கிறவர், மிச்ச நாளெல்லாம் இவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியென்றால் போட்டி ரொம்ப நாளாகவே நடக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

"நகருங்க," என்று விளையாட்டை இயக்குகிற கருவியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். குடும்பத்தில் புது ஆளைச் சேர்க்கிற பக்கத்தைக் கேட்டு, என்னை நானே செய்தேன். நிறத்துக்குக் கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை. என் கன்னம், என் மூக்கு, அள்ளி முடிந்த கொண்டை. அழகாகத்தான் இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அந்த வீட்டுக்குள் போய் நின்றேன்.

கூட்டாளிகள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். மலாய்க்காரர்தான் முதலில் கேட்டார்: "அண்ணே, மெய்ட் பாரு கா?"

புது வேலைக்காரியா என்று கேட்கிறார். கிண்டல் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அதனால்தான் இன்னும் வலித்தது. நான் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தேன். இப்போதும் சிரித்து மழுப்பினால் இந்த டிவி சுவரில் இருக்காது என்று முடிவுசெய்திருந்தேன்.

"வைஃப் லா. இதுதான் என் வைஃப்," என்றார் சத்தமாக.

மலாய்க்காரர் பதறி, "அலாமாக், சாரி காக்!" என்றார். காக் என்றால் அக்கா. பொந்தியான் பையன், அப்படியானால் அந்த வெள்ளை ஆள் யார் என்று கேட்டான். "அதுவும் இவதான்," என்றார் இவர். மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சண்டையில் ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்கு அவர் கிளம்புவதற்குள் அவருக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்தேன்.

"அவள எடுத்துடுங்க," என்று மட்டும் சொன்னேன்.

"பாவம்லா, ஓரமா இருந்துட்டுப் போகட்டும்," என்றார். பாவமாம். போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு டீ கொண்டுபோய் வைத்தபோது திரையைப் பார்த்தேன். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் மாட்டுக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டில் யாருக்கு என்ன வேலை என்பதை விளையாடுகிறவர்தான் தீர்மானிக்கிறார்.

"ஏங்க, என்னைய எதுக்கு அங்க விட்டிங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். நான் ஏன் கேட்கிறேன் என்பதே அவருக்குப் புரியவில்லை.

"அவளுக்கு இதெல்லாம் எங்கலா வரும்? உன்னத்தான் நம்பி விட முடியும்," என்றார், ரொம்ப அன்பாக.